ஒன்றேகால் மணி நேரமா, ஒரு முழு நாளா? தாம்பரத்திலிருந்து மதுரைக்குக் கடிகாரத்தோடு ஒரு பயணம்

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு போன். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி பேசினார். நாற்பது சென்ட்டில் மல்லிகை வைத்திருக்கிறார். செடிப்பேன் தாக்குதல் பற்றி இந்தப் பக்கங்களில் நான் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு வருடமாக அவ்வப்போது சந்தேகம் கேட்பார். எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான் என்பதால் உரிமையோடு பேசுவார். அன்றைக்குக் கேட்ட கேள்வி பூச்சியைப் பற்றியது இல்லை.

"சார், மதுரையிலேருந்து மெட்ராஸுக்கு பிளேன்ல எவ்வளவு நேரம்?"

"ஒன்றேகால் மணி நேரம்னு போட்டிருப்பாங்கம்மா. எதுக்குக் கேக்குறீங்க?"

ஒரு தரகர் வீட்டுக்கு வந்திருக்கிறார். துபாயில் ஒரு கடையில் தினமும் மல்லிகை கேட்கிறார்களாம். "மதுரையிலிருந்து சென்னை ஒன்றேகால் மணி நேரம், சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம். விடியற்காலை பறிக்கிற பூ மத்தியானம் துபாய் கடையில் இருக்கும்" என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பெட்டி, பதிவு, விமானத்தில் இடம் பிடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் முன்பணம் வேண்டுமாம். வீட்டில் பணமில்லை. மகளுக்குச் சேர்த்து வைத்த நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

"கணக்கு சரியாத்தான சார் இருக்கு? ஒன்றேகாலும் நாலும் அஞ்சேகால்."

கூட்டல் சரிதான். ஆனால் கிணற்றில் மோட்டார் போட்ட அடுத்த நிமிடம் கடைசி பாத்திக்குத் தண்ணீர் போய்விடுமா? குழாய் நிறைய வேண்டும், வாய்க்கால் நனைய வேண்டும், மடை திறக்க வேண்டும். விமானமும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றுவதை வைத்து ஒருவருக்குப் பதில் சொல்லிவிட முடியாது. அடுத்த வாரம் அம்மாவுக்குக் கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை. மதுரைக்கு நான் விமானத்தில்தான் போவதாக இருந்தேன். "பத்து நாள் பொறுங்கம்மா. நான் ஒருதடவை போய், அளந்து பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் நகையை எடுக்காதீங்க" என்றேன்.

அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்குச் சொன்ன பதில் மற்றவர்களுக்கும் உதவும்.

சேலையூரிலிருந்து திரிசூலம்

என் வீடு கிழக்குத் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில். நான் இங்கே குடிவந்த காலத்தில் கேம்ப் ரோடு தாண்டினால் அங்கங்கே நெல் வயல் இருந்தது. இன்றைக்கு வயல் இல்லை. வயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிகளின் பெயர்கள் மட்டும் பேருந்துப் பலகையில் இருக்கின்றன. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் எல்லாம் ஏரிப் பாசன ஊர்கள்தான். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஏரிகளில் சில இன்னும் தண்ணீரோடு இருக்கின்றன. பாசனம் செய்ய ஆள்தான் இல்லை.

காலை 5.45-க்கு வீட்டைப் பூட்டினேன். ஆட்டோவில் தாம்பரம் ரயில் நிலையம். அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில். இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். கால் மணி நேரம்கூட ஆகாது. திரிசூலம் நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையில் நடந்தால் எதிரே விமான நிலையம். வெளியூரிலிருந்து தாம்பரம் வரை ரயிலில் வருகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மூட்டை இல்லையென்றால் டாக்ஸிக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. 2016-லிருந்து விமான நிலையம் வரை வருகிறது. தெற்கத்தி பேருந்துகள் 2023 கடைசியிலிருந்து கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. அங்கே இறங்குகிறவர்கள் விமான நிலையம் வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரயிலில் பல்லாவரத்தைத் தாண்டும்போது வலது கைப் பக்கம் மலையும் கல் குவாரிப் பள்ளங்களும் தெரியும். இந்தப் பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் ஆதி மனிதனின் கல் கருவியை எடுத்தார். இந்தக் கரும்பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். மண் அறிவியல் பாடத்தில் படித்த பெயர். அதைப் பார்த்தபடியே விமானம் ஏறப் போவேன் என்று படிக்கும்போது நினைத்ததில்லை.

உள்நாட்டு முனையத்தின் வாசலில் நான் நின்றபோது மணி 6.40. வீட்டிலிருந்து கிளம்பி 55 நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட பறக்கவில்லை.

வரிசையில் போன நேரம்

உள்நாட்டுப் பயணத்துக்குப் பொதுவாகப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பயணச் சீட்டுப் பதிவு முகப்பை மூடிவிடுவார்கள். விமானத்தில் ஏறும் வாசலையும் புறப்படுவதற்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்பே மூடுவார்கள். பேருந்தைப் போல ஓடிப்போய் ஏற முடியாது. என் விமானம் 8.05-க்கு. வாசலில் அடையாள அட்டை சோதனை, பிறகு பாதுகாப்புச் சோதனை. எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் பையில் ஒரு சின்ன அரிவாள்மனை இருந்தது. மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். கையில் எடுத்துப் போக விடமாட்டார்கள். அவரும் அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போனார். கத்தி, அரிவாள், கதிர் அறுக்கும் கருக்கரிவாள் எதுவாக இருந்தாலும் பெரிய பையில் போட்டு முகப்பிலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

8.05 என்று போட்டிருந்த விமானம் 8.10-க்கு நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது. ஓடுபாதை முனைக்கு ஊர்ந்துபோய், தனக்கு முன்னால் இருந்தவற்றுக்கு வழிவிட்டு, சக்கரம் தரையை விட்டு எழும்பியபோது மணி 8.22. ஆக, விமானத்தில் உட்கார்ந்த பிறகும் தரையிலேயே ஊர்ந்தும் காத்தும் போன நேரம் 12 நிமிடம். அட்டவணையில் போட்டிருக்கும் ஒன்றேகால் மணி நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. இங்கே நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரைக்கும் சேர்த்துத்தான் அந்த நேரம்.

மேலேயிருந்து பார்த்த செங்கல்பட்டு

விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். தூற்றும்போது நாம் காற்றைப் பார்த்து நிற்பதைப் போல. ஆடி மாதத் தென்மேற்குக் காற்று என்பதால் மேற்கே பார்த்து எழும்பியது. பம்மல், அனகாபுத்தூர் கூரைகள் கீழே சின்னதாகின. அப்புறம் இடது பக்கம் சாய்ந்து தெற்கே திரும்பியது. தாம்பரம் விமானப் படைத் தளத்தின் ஓடுபாதை, வண்டலூர்க் காடு, பிறகு ஏரி ஏரியாக வந்தது. செங்கல்பட்டுக் கொளவாய் ஏரி, பாலாற்று மணல், மதுராந்தகம் ஏரி. ஆடியில் பாதி ஏரிகளில் தண்ணீர் இல்லை. வற்றிய ஏரியின் கரை மட்டும் மேலேயிருந்து பார்த்தால் வளைத்து வைத்த அரிவாள் போல இருக்கிறது. ஒவ்வொரு கரைக்குக் கீழேயும் பச்சையாக ஒரு துண்டு. கிணறு உள்ள வயல்கள்.

மேற்கே அனகாபுத்தூர் ஓரமாகப் போகும் அடையாற்றைப் பார்க்கும்போது 2015 டிசம்பர் நினைவுக்கு வந்தது. அந்த ஆறு ஆதனூர் ஏரிப் பக்கத்திலிருந்து வருகிறது. வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக விமான நிலையத்தை ஒட்டி ஓடுகிறது. அதன் மேல் பாலம் போட்டு இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்கள். அந்த வெள்ளத்தில் முடிச்சூரில் மாடி வரை தண்ணீர். விமான நிலையம் டிசம்பர் 1 இரவிலிருந்து ஐந்து நாளைப் போல மூடிக் கிடந்தது. அரக்கோணத்தில் இருக்கும் கடற்படை விமானத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றிப்போனார்கள். அந்த வாரத்தில் சென்னைக்கும் மதுரைக்கும் விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தால் யாராலும் சொல்லியிருக்க முடியாது. தண்ணீர் போகும் வழியில் எதைக் கட்டினாலும் தண்ணீர் ஒருநாள் கணக்குக் கேட்கும். வயல்காட்டு மனிதர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து எதிர்த்து வருகிறார்கள். அங்கே வயலும் ஏரியும் இருக்கின்றன. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் விமானப் பயணத்தின் விலையைப் பேசும்போது, அந்த ஓடுபாதை யாருடைய வயலில் கிடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

விழுப்புரம் தாண்டியதும் மேகம் மூடிவிட்டது. 9.12-க்கு மதுரையில் சக்கரம் தரையைத் தொட்டது. வானத்தில் இருந்தது சரியாக 50 நிமிடம்.

தூரம் எவ்வளவு?

மீனம்பாக்கத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் சுமார் 415 கி.மீ. விமானம் அதற்கென்று குறித்த வழிகளில் போவதால் இன்னும் கொஞ்சம் கூடும். சாலை வழியாக சுமார் 450 கி.மீ., ரயில் வழியாக 490 கி.மீ. போல வரும்.

மற்ற ஊர்களையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் மீனம்பாக்கத்திலிருந்து நேர்கோட்டுத் தூரம். திருச்சி சுமார் 290 கி.மீ. கோயம்புத்தூர் சுமார் 400. தூத்துக்குடி சுமார் 525. கடல் தாண்டி இருக்கும் யாழ்ப்பாணம் சுமார் 355. அதாவது மதுரையைவிட யாழ்ப்பாணம் நமக்குப் பக்கம். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து அங்கே பயணிகள் விமானம் தொடங்கியபோது பலருக்கு இது ஆச்சரியமாக இருந்தது. சிங்கப்பூர் சுமார் 2,900, துபாயும் சுமார் 2,900. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டுக்கும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். காற்றைப் பொறுத்து மாறும்.

ஒரே தூரத்துக்கு எல்லா விமானமும் ஒரே நேரம் எடுக்காது. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போகும். வெளியே விசிறி சுற்றும் ஏ.டி.ஆர். வகைச் சிறிய விமானம் 500 கி.மீ. போலத்தான் போகும். அதில் மதுரைக்குக் கால் மணி, இருபது நிமிடம் கூடுதலாக ஆகும். அதன் சரக்கு அறையும் சின்னது. பூ அனுப்புகிறவர்களுக்கு இது முக்கியம்.

விமானத்தில் சரக்கு போவது இந்த நாட்டில் புதிது இல்லை. 1932 அக்டோபரில் டாடாவின் சின்ன விமானம் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் வந்தது. வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் டின்களை மாட்டு வண்டியில் ஏற்றிவந்து ஊற்றினார்கள் என்று சொல்வார்கள். விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும், அன்றைக்குத் தரையில் அது மாட்டு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் சரக்கு காத்திருக்கும் இடம் தரைதான்.

வாசலிலிருந்து வாசலுக்கு

விமானம் நின்று, இறங்கி, வெளியே வந்தபோது 9.35. தம்பி மகன் பைக்கோடு நின்றான். கப்பலூர் வழியாகப் போய் வீட்டு வாசலில் கால் வைத்தபோது மணி 10.20.

கணக்கு இதுதான். சேலையூர் வாசலிலிருந்து ஊர் வாசலுக்கு 4 மணி 35 நிமிடம். அதாவது 275 நிமிடம். அதில் வானத்தில் இருந்தது 50 நிமிடம். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி நேரம் முழுக்கத் தரையில்தான். மணிக்கு 800 கி.மீ. போகிற விமானத்தில் ஏறி, வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் பார்த்தால் மணிக்குத் தொண்ணூறு கி.மீ. வேகத்தில் வந்திருக்கிறேன்.

அதே காலை எழும்பூரிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பும் தேஜஸ் ரயிலைத் தாம்பரத்தில் பிடித்திருந்தால், பன்னிரண்டு மணியைத் தாண்டி மதுரை. அங்கிருந்து பேருந்தில் ஊருக்கு வரும்போது ஒரு மணியைத் தாண்டியிருக்கும். மொத்தம் 7 மணி 20 நிமிடம். ஆக, விமானத்தில் மிச்சமானது இரண்டே முக்கால் மணி நேரம். அதற்கு நான் கொடுத்த பணம் ரயில் சீட்டைப்போல ஐந்து மடங்கு.

வீணா என்று கேட்டால், இல்லை என்பேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கிளம்ப வேண்டிய நேரம் பதினொன்று. நான் பத்து இருபதுக்கு வந்து நின்றேன். முதல் நாள் என்னால் விடுப்பு எடுக்க முடியவில்லை. ரயிலில் வந்திருந்தால் அம்மாவைப் பார்க்காமலே உள்ளே அனுப்பியிருப்பார்கள். எண்பத்திரண்டு வயது. கண்ணில் கட்டோடு வெளியே வந்ததும் "பெரியவன் வந்துட்டானா" என்றுதான் கேட்டார். அந்த இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு அந்த விலை எனக்குக் கட்டுபடியானது. எல்லா நாளும் கட்டுபடியாகாது. திரும்பும்போது வைகை ரயிலில்தான் வந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த முருங்கைக்காய், எள், நாட்டுக்கோழி முட்டை எதையும் யாரும் எடை போடவில்லை. மத்தியானம் தாம்பரத்தில் இறங்கிவிட்டேன்.

பூவின் பயணம்

மனிதன் நாலரை மணி நேரத்தில் வந்துவிட்டான். பூ வருமா? ஊருக்குத் திரும்பியதும் ஒரு சனிக்கிழமை மீனம்பாக்கத்தில் சரக்குப் பக்கம் போய் விசாரித்தேன். ஜி.எஸ்.டி. சாலையிலேயே மண்டலத் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையம் இருக்கிறது. மத்திய அரசின் வேளாண் துறையைச் சேர்ந்தது. கோயம்புத்தூரில் படித்தபோது எங்கள் வகுப்பை இங்கே அழைத்துவந்து காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் பூ, காய், விதை, நாற்று எதிலும் பூச்சியும் நோயும் இல்லை என்று சான்று கொடுப்பது இவர்கள் வேலை. பூவில் ஒரு செடிப்பேன் இருந்தாலும் சிக்கல்தான்.

மல்லிகையின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிடக் கண்டிப்பானது. விடியும் முன்னே மொட்டாகப் பறிக்க வேண்டும். குளிர்ச்சி இல்லாமல் விட்டால் அன்று சாயங்காலமே மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை யாரும் கப்பலேற்ற மாட்டார்கள்.

தரகர் சொன்ன வழியில் ஒரு பெட்டியை நான் மனதில் அனுப்பிப் பார்த்தேன். காலை ஏழு மணிக்குப் பறித்து முடிகிறது. தரம் பிரித்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பையோடு அடுக்க எட்டரை. மதுரை விமான நிலையம் ஒன்பதரை. சரக்கை விமானம் கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். எடை, ஊடுகதிர்ச் சோதனை, ரசீது எல்லாம் இருக்கின்றன. ஆக, மத்தியான விமானம். சென்னை வந்து இறக்க இரண்டரை, மூன்று மணி. உள்நாட்டுச் சரக்குப் பிரிவிலிருந்து வெளிநாட்டுப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். தாவரச் சான்று, சுங்கம், மறுபடி சோதனை. எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தால் இரவு விமானம். நாலு மணி நேரப் பறப்பு. அங்கே இறக்கி, சுங்கம் முடிந்து, கடை திறப்பது மறுநாள் காலை.

பறித்ததிலிருந்து கடைக்கு இருபத்தி நாலு மணி நேரத்துக்கு மேல். அதில் வானத்தில் இருப்பது ஐந்து மணி நேரம். "அஞ்சேகால்" என்று கூட்டிய கணக்கில் தப்பில்லை. ஆனால் அது முழுக் கணக்கு இல்லை. ஒரு விமானம் தாமதமானால் இரவு விமானம் போய்விடும், பூவும் போய்விடும்.

இன்னொரு செய்தி. விமானத்தில் எடையை மட்டும் பார்த்துப் பணம் வாங்குவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 6,000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம். 60, 45, 40 செ.மீ. அளவுள்ள பெட்டி என்றால் 1,08,000. அதை 6,000-ஆல் வகுத்தால் 18 கிலோ. உள்ளே பூவும் ஐஸும் சேர்ந்து 12 கிலோதான் இருந்தாலும் 18 கிலோவுக்குக் கட்ட வேண்டும். மல்லிகை லேசான சரக்கு. இந்தக் கணக்கில் எப்போதும் அடிபடும்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகத்தான் போகிறது. ஆனால் அதை அனுப்புகிறவர்கள் குளிர் அறை, ஆட்கள், தினசரி விமானத்தில் நிரந்தர இடம் எல்லாம் வைத்திருக்கிறவர்கள். மதுரையிலிருந்து சாலையில் சுமார் 135 கி.மீ. போனால் திருச்சி. அங்கிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் நேரடி விமானம் உண்டு. நேராகப் போகும் விமானம் உள்ள ஊருக்கு வண்டியில் கொண்டுபோவது, இரண்டு விமானம் மாற்றுவதைவிடச் சில நாள் சுலபம். பக்கத்தில் இருக்கும் விமான நிலையம்தான் நல்லது என்று இல்லை. பெட்டியை எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாலு கேள்வி

அந்தச் சகோதரிக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "அனுப்பாதீங்கன்னு சொல்ல மாட்டேம்மா. அந்த ஆளு திரும்ப வரும்போது நாலு கேள்வி மட்டும் கேளுங்க" என்றேன்.

ஒன்று, ஏற்றுமதி உரிமம் யார் பேரில் இருக்கிறது, அபேடா பதிவு இருக்கிறதா, காகிதத்தைக் காட்ட முடியுமா? இரண்டு, தாவரச் சான்று எந்த ஊரில் வாங்குகிறீர்கள்? மூன்று, பெட்டி அளவு என்ன, எத்தனை கிலோவுக்கு விமானக் கட்டணம், அதை யார் கட்டுவது? நாலு, விமானம் தாமதமாகிப் பூ கெட்டால் நஷ்டம் யாருக்கு, அதை எழுதித் தருவீர்களா?

ஒரு வாரம் கழித்து அவரே பேசினார். "முதல் கேள்விக்கு ஆபீசுல இருக்குன்னாரு. ரெண்டாவதுக்கு அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்னாரு. நாலாவது கேட்டதும் நம்பிக்கை இல்லேன்னா விட்டுருங்கம்மான்னு எந்திரிச்சிட்டாரு சார். நகை பீரோவுலதான் இருக்கு."

அவர் நிஜமாகவே நல்ல வியாபாரியாகக்கூட இருக்கலாம். ஆனால் கேட்ட காகிதத்தைக் காட்டாதவரிடம் ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டியதில்லை. வழக்கம்போல மாட்டுத்தாவணிக்கே பூ போகிறது. ஊரில் மல்லிகை வைத்திருக்கும் பதினைந்து குடும்பம் சேர்ந்து, ஏற்கெனவே பூ அனுப்பும் ஒரு ஏற்றுமதியாளரிடம் நேரடியாகப் பேசலாமா என்று யோசிக்கிறார்கள். முன்பணம் கொடுக்காமல், பூவை மட்டும் கொடுக்கிற ஏற்பாடு. அதற்கு நான் உதவுவதாகச் சொல்லியிருக்கிறேன். முதலில் செடிப்பேனைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*முதல் தடவை விமானத்தில் போகிறோம். எவ்வளவு நேரம் முன்னால் போக வேண்டும்?*
உள்நாடு என்றால் இரண்டு மணி நேரம், வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும்.

*எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்?*
உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் ஒப்படைக்கும் பை 15 கிலோ, கைப்பை 7 கிலோ. அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். ரயிலில் தூங்கும் வசதி வகுப்பிலேயே 40 கிலோ வரை இலவசம். அரிசி மூட்டையோடு மகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ரயில்தான் சரி.

*தேங்காய் கொண்டுபோகலாமா?*
கொப்பரைக்கு அனுமதி இல்லை. எண்ணெய்ச் சத்து அதிகம், சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால். சபரிமலை இருமுடியில் தேங்காய் கொண்டுபோக அந்தப் பருவத்துக்கு மட்டும் 2024-ல் தளர்வு கொடுத்தார்கள். நெய், ஊறுகாய், எண்ணெய் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

*வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கீரை விதையும் கறிவேப்பிலைக் கன்றும் கொண்டுபோகலாமா?*
தாவரச் சான்றும் அந்த நாட்டின் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். அங்கே இறங்கியதும் பிடுங்கிவிடுவார்கள், சில நாடுகளில் அபராதமும் உண்டு. மண்ணோடு இருக்கும் கன்றை எடுத்துப் போகவே கூடாது.

கடைசியாக அந்தச் சகோதரி இன்னொன்று கேட்டார். "மேலேருந்து பாத்தீங்களே, எங்க ஊரு தெரிஞ்சுதா சார்?"

"மேகம் மூடியிருந்துச்சும்மா" என்றேன்.

"மழை மேகமா?"

இல்லை, வெறும் வெள்ளை மேகம்தான் என்று சொன்னேன். "அப்ப இன்னும் ஒரு மாசம் கெணத்துத் தண்ணிதான்" என்று சொல்லி போனை வைத்தார்.